இரண்டாவது விளக்கு

நாக்கில் நரம்பில்லாமல் பேசாதீர்கள். மாமியாரைச் சாகக் கிடக்கவிட்டு ஓடிப்போனவள் அல்ல அந்த மருமகள். அவள் ஏன் படி இறங்கினாள் என்று, பக்கத்து ஜன்னலில் வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும்?

அவளுக்கு ஆஸ்பத்திரியில் விளக்கு பிடிக்கிற வேலை. அதனால் தெருவே அவளை விளக்குக்காரி என்றது. இருட்டறையில் நீல விளக்கை வாய்க்குள் அடித்தால் நல்ல சதை பச்சையாக மினுங்கும், புற்று வைத்த சதை கறுத்துக் கிடக்கும். ஆனால் பல் உரசிய வெறும் புண்ணும் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால் அதே இடத்தில் இன்னொரு விளக்கை வைப்பார்கள். அது தோலுக்குள் இறங்கி, சதையை அடுக்கடுக்காகத் திரையில் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் டாக்டர் வாய் திறப்பார்.

மாமியார் காரம் பட்டால் முகம் சுளிப்பதைக் கண்டு, கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனாள். நீல விளக்கில் நாக்குக்கு அடியில் கறுப்பு.

"அத்தை, இது பாதிதான். இன்னொரு விளக்கும் வச்சுப் பார்த்துடலாம்."

கிழவி வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். வந்ததும் ஜன்னல் ஜன்னலாகச் சொன்னாள்: வீட்டை அமுக்குவதற்காக மருமகள் விளக்கடித்தே நோயை ஏற்றிவிட்டாளாம். கேட்டவர்கள் அந்தக் கதைக்குக் கையும் காலும் வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் போட்ட சோற்றைக் கிழவி தொடவில்லை. பெற்ற மகனோ இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

நாக்கு தடித்தது. ஆறிய பால்கூட எரிந்தது. ஒரு காலையில் கிழவி மகனிடம் தீர்த்துச் சொன்னாள்.

"அவ இந்த வீட்டை விட்டுப் போகட்டும். போனா நான் அந்த ரெண்டாவது விளக்குக்கு வரேன். அவ இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்."

விளக்குக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்புறம் பேச்சு மாறமாட்டீங்களே, அத்தை?"

"நீ முதல்ல கிளம்புடி."

மாற்றுத்துணியைப் பையில் திணித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்று வேறொருத்தி விளக்குப் பிடிக்க ஏற்பாடு செய்தாள். விளக்கு வைக்கும்போது அத்தை பல்செட்டைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும் என்று கணவனிடம் சொன்னாள்.

"நீ எப்ப வருவே?"

"உங்கம்மாவைக் கேளுங்க."

கீழ்ப்படியில் செருப்பு வாரை மாட்டக் குனிந்தபோது, மேலேயிருந்து குழறலாகக் கேட்டது.

"போயிட்டாளா?"

"போயிட்டா, ம்மா."

"அப்ப வண்டியைக் கூப்பிடு."

விளக்குக்காரி வாரை இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.