நடுவிலிருந்து அறுக்கச் சொன்னவர்

செல்போன் அடித்தபோது நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கையை எடுத்தால் களி கட்டி தட்டிவிடும் என்பதால் எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்தது. எங்கள் சங்கத்து மாதையன். “டீச்சரம்மா போயிட்டாங்க. அவங்க வூட்டுக்கு வந்துடுங்க” என்றார். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

காரிமங்கலம் பக்கம் ரோஸ்லினை அறியாதவர்கள் குறைவு. கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். மற்ற நேரமெல்லாம் என் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லையில் ராகியும் கொள்ளும் போட்டார். நாங்கள் ‘வாடி, போடி’ என்று பேசிக்கொண்டவர்கள். எழுத்து என்பதால் ‘அவர்’ என்கிறேன். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மானாவாரிக் காட்டுக் கௌதாரிகளையும் முயல்களையும் காக்க அவர் ஒரு சங்கம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். டவுன்காரர்கள் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். நிலம் உள்ளவர்களுக்கு வேறு சந்தா. கொல்லையின் ஓரத்தில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு உழாமல், மருந்தடிக்காமல், அறுக்காமல் விட்டுவிட வேண்டும். அந்த ஓரம்தான் சந்தா.

தர்மபுரியிலிருந்து உறுப்பினர்கள் முதன்முதலாகப் பார்க்க வந்த நாளை மறக்க முடியுமா? மாதையன் தன் ஓரத்தை ஒரு புல் விடாமல் செதுக்கி, சாணம் தெளித்து வைத்திருந்தார். “விருந்தாளிங்க வர்ற எடங்க. பொதராட்டம் கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் பெருமையாக. எனக்கு மானம் போனது. ரோஸ்லினோ வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கவுதாரிக்கு வாசல் தெளிக்க வேணாங்க. அதுக்குப் பொதருதான் வூடு” என்றார். மாதையனும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு சில போகங்கள்தான் தாங்கியது. எலி வருகிறது, பாம்பு வருகிறது, களை உள்ளே பரவுகிறது என்று புகார்கள். கௌதாரி கத்தும் சத்தம் கேட்டது, ஆனால் அறுவடைக்குப் பிறகு ஒரு குஞ்சையும் காணோம். சர்ச் ஹாலில் கூட்டம் போட்டு, “கலைச்சிடலாம்” என்று சொல்லியே விட்டார்கள். நான் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டேன். ரோஸ்லின் சண்டை போடவில்லை. போகம் போகமாகப் புதரோரம் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னார். அறுக்கும் மெஷின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறது. பயந்த பறவைகள் நடுவுக்கு ஒதுங்கிக் கடைசிச் சுற்றில் மாட்டிக்கொள்கின்றன.

“ஓரத்துல வூட்டக் குடுத்துட்டு, அதுக்குப் போற வழிய நாமளே அடைக்கிறோம். இந்த ஒரு அறுவடைய நடுவுல இருந்து அறுக்கலாம். ஒரு குஞ்சு கூட வரலன்னா நானே சங்கத்துக்குப் பூட்டுப் போடறேன்” என்றார்.

யார் தன் கொல்லையைக் கொடுப்பது? எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மாதையன்தான் எழுந்தார். “என் கொல்லையில பாருங்க டீச்சரம்மா.”

மெஷின் டிரைவருக்கு எரிச்சல். “எந்த ஊர்லயும் இப்பிடி அறுத்ததில்லீங்க. நடுவுல வண்டி எப்பிடித் திரும்பும்?” ரோஸ்லின் சேலையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் நின்றார். “திரும்பற வரைக்கும் திருப்புங்க. நான் எறங்க மாட்டேன்.” அந்தப் பிடிவாதத்தோடு குப்பை கொட்டியவள் நான். டிரைவர் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி ராகிக்குள் ஒரு பாதை அறுத்து நடுவுக்குப் போய், அங்கிருந்து அகலித்து வந்தது. நாங்கள் தள்ளி நின்று ஓரத்தையே பார்த்தோம். ஒரு முயல் பாய்ந்து ஓடியது. பிறகு ஒன்றுமில்லை. பாதிக் கொல்லைக்கு மேல் முடிந்துவிட்டது. டவுன்காரர்கள் செல்போனை எடுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது மிச்சமிருந்த ராகித் தாள் அசைந்தது. ஒரு தாய்க் கௌதாரி தலையை நீட்டியது. அதன் பின்னால் குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்று இடறிக்கொண்டு. மாதையன் தலைத்துண்டை அவிழ்த்து வண்டியைப் பார்த்து வீசினார். “நிறுத்துப்பா! புள்ள குட்டியோட போறாங்க.” தாயும் குஞ்சுகளும் புதருக்குள் போய் மறைந்தன. ரோஸ்லின் தட்டுத்தடுமாறி இறங்கி, அறுத்த தாளின் மேல் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, “சங்கம் இருக்குடி” என்றார்.

இன்று அரூர் பக்கம் போனாலும் மெஷின்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “நடுவுல இருந்துங்களா, ஓரத்துல இருந்துங்களா?” எவ்வளவு பெரிய வெற்றி இது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்கிறது.

அடக்கம் முடிந்த பின் அதே ஹாலில் கூடினோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், இறந்தவர் பெயரை உறுப்பினர்களிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். முறையாகத்தான் கேட்டார். மாதையன் உட்கார்ந்தபடியே சொன்னார்: “அவங்க ஓரம் அப்பிடியே நிக்குது, போய்ப் பாருங்க. சந்தா நிக்கும்போது பேர எப்பிடிங்க எடுக்கறது?”

அவருடைய ஓரம் என் வரப்பை ஒட்டியது. அதை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒரு களையைக் கண்டால் கை பரபரக்கும் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும். இன்று காலை அங்கே கௌதாரி கத்தியது.

ரோஸ்லின், நீ இன்னும் எங்கள் உறுப்பினர்தான்டி.