கசெற்றில் தெரிந்த கை

தொண்ணூறுகளில் டொரன்ரோ முழுக்கப் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கொட்டும் பனியிலும் முப்பது நிமிடத்தில் கதவைத் தட்டிவிடுவேன். அதனால் ரொக்கி மலைக்கு எங்கள் வான் வண்டியிலேயே போய்வரலாம் என்று நான் சொன்னபோது, “மலையிலை நீங்கள் ஓடுவியளோ?” என்று மனைவி கேட்டது எனக்குச் சுருக்கென்றது. அவளும் லைசென்ஸ் எடுத்தவள்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவாள். அதெல்லாம் ஒரு ஓட்டமா என்று எனக்கு இளக்காரம்.

நான்கு நாள் சமதரையில் ஓட்டினேன். ஐந்தாம் நாள் மலை. செங்குத்தான ஓர் இறக்கத்தில், தெருவோரப் பலகையை வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, கியரைக் குறைக்கட்டாம். பிரேக்கையே மிதிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ.”

“நீர் பேசாமல் இரும். ஓடுறது நான்.”

பின்னால் மகள்கள் இருவரும் இருந்தார்கள். அவர்கள் கேட்கத்தான் சொன்னேன்.

சிறிது நேரத்தில் கருகல் மணம் வந்தது. மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. நான் விறைத்துப்போய் இருந்தேன். அவள்தான் எட்டிக் கியரை இழுத்து இறக்கினாள். எஞ்சின் உறுமி, வான் வேகம் குறைந்து, ஒரு ஒதுக்கிடத்தில் போய் நின்றது. அவள் ஏசவில்லை. “திறப்பைத் தாங்கோ” என்று மட்டும் சொல்லிச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

பிரேக் ஆறியபின், மிச்ச மலை முழுவதும் அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்து வீடியோ எடுத்தேன். அருவிகள், பனிச்சிகரங்கள், பிறகு எரிமலைக் குழம்பு எப்போதோ ஓடி உறைந்த கருங்கல் வெளி. ஒரு மரமில்லை. அதன் நடுவே ஒரே நேராகத் தெரு.

திரும்பி வந்ததும் எங்கள் கட்டிடத்து நண்பர்களைக் கூப்பிட்டு அந்த வீடியோக் கசெற்றைப் போட்டேன். அந்த இறக்கத்தை எப்படி இறக்கினேன் என்று கையைச் சுழற்றிச் சுழற்றிச் சொன்னேன். வெட்கங்கெட்டவன். “அண்ணை, உங்களை விட்டால் ஆர் உதுக்குள்ளை ஓடுவினம்?” என்றான் ஒருவன்.

அப்போது ரிவியில் கருங்கல் வெளி வந்தது. கமரா மெல்லத் திரும்பியது. ஸ்ரியறிங்கில் காப்புப் போட்ட ஒரு கை.

“உது அக்காவின்ரை கையெல்லோ?”

தேத்தண்ணீரும் வடையும் வைத்த தட்டோடு வந்த மனைவி கேட்டவனைப் பார்த்தாள். “ஓம், அண்டைக்கு இவருக்குச் சரியான தலையிடி. கொஞ்சத் தூரம் நான் பிடிச்சனான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ‘இல்லை, இவள்தான் எங்களைக் காப்பாற்றினவள்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

கீழே கம்பளத்தில் இருந்த சின்ன மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. நான் ஒரு தேத்தண்ணீரை எடுத்து ஊதிக் குடித்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

மனைவி ஒரு வடையை எடுத்து அவளுடைய கையில் வைத்தாள்.

“பேசாமல் இரும், பிள்ளை” என்றாள்.