குளிரில் செத்த தவளைகள்

யோகேஸ்வரி டாக்டர் என்று எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த நோய்க்கு டாக்டர் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு வந்தால் போதும், லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து நிற்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. "ஊசி போடத் தெரியாதாம்லா, அதான் ஆஸ்பத்திரியில சேத்துக்கல போல" என்று தங்கையா மாமா பேசிக்கொண்டு போனதை நானே கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

நான் மெலிசா. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. யோகேசும் நானும் மலை மேலே தானா ராத்தா ஊரில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. என் அப்பாவும் அவள் அம்மா இராசம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். நான் தட்டுத் தடுமாறிப் பாஸாகி இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். அவள் உயிர்வேதியியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அங்கே அவள் ஆராய்ந்தது பொட்டாசியம் அயனித் தடங்களை. எனக்குச் சொல்லும்போது மட்டும் வாசல் என்பாள்.

உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஒரு சுவர். அந்தச் சுவரில் பொட்டாசியம் மட்டும் போய்வர ஒரு வாசல். சோடியம் பொட்டாசியத்தைவிடச் சின்னது, ஆனால் அதை இந்த வாசல் விடாது. "நம்ம பேக்டரி கேட்டுல நிக்கிற ஜாகா மாதிரி லா, லோரிய விடுவான், சைக்கிளத் தடுப்பான்" என்றேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட சரி என்றாள். அவளிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

இதயம் ஒருமுறை துடித்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கு இப்படி ஒரு வாசல் திறந்து மூட வேண்டும். அது ஒரே இழுப்பில் மூடிவிடுகிறது என்றுதான் எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். இல்லை, இரண்டு இழுப்பில் மூடுகிறது, நடுவில் ஒரு கணம் நிற்கிறது என்பது யோகேசின் வாதம். அவள் இளமை முழுவதும் அந்த ஒரு கணத்தில் போயிற்று என்று சொன்னால் அது மிகையில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து அந்தக் கணத்தில் முட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

வாசலைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத் தவளை முட்டை வேண்டும். வாசலைச் செய்வதற்கான குறிப்பை ஊசியால் முட்டைக்குள் ஏற்றினால், முட்டையே அதைச் செய்து தன் தோலில் பொருத்திக்கொள்ளும். அப்புறம் மெல்லிய கண்ணாடி ஊசிகளைக் குத்தி, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளக்கலாம். எந்தத் தவளையாக இருந்தாலும் சரி என்று இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தட்டையான ஒரு இனம், எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும். குளிர்ந்த தண்ணீர் இல்லையென்றால் அதன் முட்டை கொழகொழத்துப்போகும்.

ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதத்துக்கு ஒருமுறை படுத்துக்கொண்டது. பழுதுபார்க்க எழுதிப்போட்டால், தவளைக்கு ஏசி கேட்கிறாள் என்று நிதிப் பிரிவில் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஸ்வெட்டர் போடாமல் இருக்க முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருவழியாக அவள் கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டது. ஆனால் ஒரு சோதனை குறைகிறது என்றார்கள். நடுவில் நிற்கும் அந்தக் கணத்தை இல்லாமல் செய்து காட்டு, அப்போதுதான் அது இருந்ததாக ஒப்புக்கொள்வோம் என்றார்கள். அவள் வேலையோ ஒப்பந்த வேலை. கட்டுரை வெளிவந்தால் நிரந்தரம், வராவிட்டால் ஆண்டு முடிவில் வீடு. அந்த நேரம் பார்த்து இயந்திரம் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. தவளைகள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன.

அப்போதுதான் அவளுக்கு வீட்டு நினைவு வந்தது. குளிர்விக்க இயந்திரமே வேண்டாத ஊரில் பிறந்திருக்கிறோமே என்று தோன்றியிருக்கிறது. தவளைகளை மலைக்குக் கொண்டுபோக, ஆய்வு விலங்குகளைக் கண்காணிக்கும் பல்கலைக்கழகக் குழுவிடம் அனுமதி கேட்டாள். அவர்கள் கூடிப் பேசி, கேள்வி அனுப்பி, பதில் வாங்கி, மறுபடி கூடி அனுமதி கொடுப்பதற்குள் பாதித் தவளைகள் போய்விட்டன. மிச்சம் ஆறு. அவளுடைய தம்பி வசந்தன் எங்கள் மலையில் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லாரி ஓட்டுபவன். கோஸை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில், ஸ்ட்ராபெரி பெட்டிகளுக்குள் உட்கார்ந்து தவளைகள் ஊர் வந்து சேர்ந்தன. வழியில் ரிங்லெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, பெட்டியைப் பார்த்த ஒருவர் கிலோ என்ன விலை என்று கேட்டாராம்.

லயத்து வீட்டின் பின்னால், கூரைச் சார்ப்பின் கீழே இரண்டு நீலத் தொட்டிகள். யோகேஸ் தம்பியையும் அம்மாவையும் நிற்க வைத்துச் சொன்னாள்: "மலைத் தண்ணிதான் ஊத்தணும். பைப்புத் தண்ணி ஒரு சொட்டு ஆகாது, அதுல மருந்து இருக்கு. தொட்டில பாசி புடிச்சாலும் புடிக்கட்டும், விட்டுருங்க."

இராசம்மா பெரியம்மாவுக்குத் தவளைகளைப் பிடித்துப்போயிற்று. "எல்லாம் பொட்டச்சிங்கதானா? பாவம்லா" என்று கேட்டுவிட்டு அன்றிலிருந்து 'பொண்ணுங்க' என்றே கூப்பிட்டார். மகளின் வேலை என்னவென்று இத்தனை வருஷம் அவருக்கு யாரிடமும் சொல்லத் தெரிந்ததில்லை. இப்போது சொல்ல முடிந்தது. என் மகள் வேலை என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் ஊர்க் குளிர் தவளைகளுக்கு ஒத்துக்கொண்டது. வசந்தன் முதலில் இரண்டை லாரியில் கீழே கொண்டுபோய்க் கொடுத்தான். முட்டைகள் கெட்டியாக இருந்தன. யோகேஸ் எனக்குப் போன் செய்து அழுதாள். நடுவில் நிற்கும் கணம் காணாமல் போகிறது, அவள் சொன்னபடியே போகிறது, பாதிச் சோதனை முடிந்துவிட்டது. மிச்சத்துக்கு மேலே இருக்கும் நான்கு தவளைகள் போதும் என்றாள். அவள் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

குழு போட்ட நிபந்தனைகளில் ஒன்று, தவளைகள் இருக்கும் இடத்தை அவர்கள் நேரில் வந்து பார்ப்பது. இரண்டு பேர் வருவதாக முடிவாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கோழிக்கூடு மறைந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு. கால்வாய்க்குப் பிளீச்சிங் பவுடர். வாளியில் பாசி இருந்தால் கங்காணி எல்லோர் எதிரிலும் எட்டி உதைப்பார். இராசம்மா பெரியம்மா ஐம்பது வயதுவரை அப்படித் தேய்த்துக் கழுவியவர். துரை போய் மேனேஜர் வந்தார், சுண்ணாம்பு போய்ப் பெயிண்ட் வந்தது, ஆனால் யாராவது பார்க்க வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் அந்தக் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும்.

அவர்கள் வருவதற்கு முந்தின மத்தியானம் வசந்தன் லாரியோடு போயிருந்தான். பெரியம்மா தவளைகளை வாளிக்கு மாற்றினார். தொட்டிகளைப் பிளீச் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்தேயென்று தேய்த்தார். மலைத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல மங்கலாக இருக்கும், வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தால் மகளுக்குத்தானே கேவலம். குழாயைத் திறந்து கண்ணாடி மாதிரி தண்ணீர் நிரப்பி, பொண்ணுங்களை அதில் விட்டார். மகள் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. அது மற்ற நாளைக்குச் சொன்னது, இது இன்ஸ்பெக்‌ஷனுக்கு.

மறுநாள் காலை, யோகேசையும் வந்த இருவரையும் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து நான்தான் அழைத்துப்போனேன். வந்ததில் ஒருவர் மலாய்க்காரப் பெண், கால்நடை மருத்துவர். மற்றவர் சீனர், பேசவே மாட்டார் போலிருந்தது. பெரியம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பின்வாசலில் நின்றார். தொட்டிகள் பளபளவென்று இருந்தன. நான்கு தவளைகளும் வயிறு மேலாக மிதந்தன.

பிளீச் வாடை எனக்கே மூக்கில் ஏறியது. யோகேஸ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல மரியாதையாகவே பெரியம்மாவிடம் கேட்டார்: "கெனாப்பா ஜாடி மாச்சம் இனி, மாக்சிக்?" ஏன் இப்படி ஆயிற்று ஆன்ட்டி என்று. பெரியம்மாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. தான் தொட்டியைக் கழுவிய கதையைப் பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தார்.

"செஜுக்" என்றாள் யோகேஸ். குளிர். ராத்திரிக் குளிர் அதிகமாகிவிட்டது, தவளைகள் தாங்கும் என்று நான் போட்ட கணக்கு தப்பு என்று மலாயிலேயே சொன்னாள். அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்றுதான் மலாயில் சொன்னாள்.

தன் வரைபடத்தில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாதவள் அவள். வசதியாக ஒரு புள்ளியை நகர்த்தியிருந்தால் என்றைக்கோ பேராசிரியர் ஆகியிருப்பாள். அவள் வேலை வாழ்க்கையில் எழுதக் கொடுத்த ஒரே பொய் அதுதான். மருத்துவர் மூக்கை உறிஞ்சி, வெள்ளைவெளேரென்ற தொட்டியைப் பார்த்து, பெரியம்மாவின் பூவைப் பார்த்து, அப்புறம் குளிர் என்றே எழுதிக்கொண்டார். அனுமதி ரத்தாயிற்று. தவளைகளுக்கு ஏற்ற குளிர்கூடத் தெரியாத ஆராய்ச்சியாளர் என்று கீழே பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு தொழிற்சாலைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். "யாரத் திட்டுறது மெலிசா? நீயே சொல்லு. யாரத் திட்டுனா இது தீரும்?" என்று கேட்டாள். எனக்கு நிதிப் பிரிவைத் திட்டத் தெரியும், குழுவைத் திட்டத் தெரியும், அந்த ஆய்விதழைக்கூடத் திட்டினேன். பெரியம்மாவைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. சொன்னா அவங்க சோறு திங்க மாட்டாங்க" என்றாள்.

ஒப்பந்தம் முடிந்தது. பாதிச் சோதனையோடு கட்டுரை ஒரு சின்ன இதழில் வந்தது. இரண்டு இழுப்பு என்று எழுதிய இடங்களில் எல்லாம் 'இருக்கலாம்' சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே வெளிநாட்டில் ஒரு குழு அதையே படம்பிடித்துக் காட்டிவிட்டது. அதில் இவள் பெயர் இல்லை, அடிக்குறிப்பில்கூட. இப்போது ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு வேதியியல் நடத்துகிறாள். வாசல்களைப் பற்றிப் பாடத்திட்டத்தில் அரைப் பக்கம் இருக்கிறதாம்.

போன தீபாவளிக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம். தங்கையா மாமா ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். பேச்சுவாக்கில், அந்தத் தவளைகள் என்னாச்சு என்று கேட்டார்.

"குளுருல செத்துப்போச்சுங்க" என்றார் பெரியம்மா. "படிச்ச புள்ளதான், ஆனா இந்த ஊர்க் குளுரு அதுங்களுக்கு ஆகாதுன்னு அவளுக்கே தெரியல, பாருங்க."

"டாக்டரா இருந்தும் தெரியலயா?" என்றார் மாமா.

"தெரியல மாமா" என்றாள் யோகேஸ்.

நான் முறுக்குத் தட்டை மாமா பக்கம் தள்ளினேன். பெரியம்மா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். "போவுது விடு பாப்பா. அடுத்த வாட்டி கொண்டாந்தா அம்மாகிட்ட சொல்லு, தண்ணிய வெதுவெதுன்னு ஊத்துறேன். தொட்டியும் அன்னைக்கு மாதிரியே நல்லா தேச்சுக் கழுவி வைக்கிறேன்."

"சரிம்மா" என்றாள்.