சிடியில் ஏறாத குரல்

என் அக்காவின் குரலை நான் இரண்டு முறை அழித்தேன். முதல் முறை பதினோரு வயதில், தெரிந்தே. இரண்டாம் முறை ஐம்பது வயதைக் கடந்த பிறகு, நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு. முதல் குற்றத்துக்குச் சிறுவன் என்ற சாக்காவது உண்டு. இரண்டாவதைச் செய்தபோது நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா கன்னியர் மடத்தில் சேர முடிவான வருடம் அது. திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. கோயிலில் பாட்டென்றால் அக்காதான். மடமோ வடக்கே, ரயிலில் நாள்கணக்கில் போகவேண்டிய ஊரில் இருந்தது. போனால் வருடக்கணக்கில் வீட்டுக்கு விட மாட்டார்கள். பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு அதில் பெருமை. அம்மாவும் பெருமைப்பட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். அவளும் அப்படியே தெருவில் பெருமைப்பட்டாள், அடுப்படியில் அழுதாள்.

அம்மாவின் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அக்காவை வழியனுப்ப வந்த அவர் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். இரும்புப் பெட்டி கனம். மேலே இரண்டு சக்கரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பழுப்பு நாடா ஓடும். வீட்டில் எல்லோரும் அதை மிசின் என்றோம். மாமா அதை முன்னறை மேசையில் வைத்துவிட்டு எச்சரித்தார்.

“இந்தச் சிவப்புக் கட்டையில ஒருத்தரும் கை வைக்கப்படாது. வச்சா, முன்னாடி இருந்தது அம்புட்டும் போயிரும்.”

எல்லோரையும் போல நானும் அதைக் கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்று இன்று சொல்ல முடியாது.

அப்போது எனக்குப் பஸ் கண்டக்டராக வேண்டும் என்று ஆசை. “மாமா, நான் கண்டக்டர் மாதிரி கத்துறேன், புடிங்க மாமா” என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“ஒன் கத்தலைப் புடிக்கவா கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தேன்? போலே அங்கிட்டு.”

அக்கா மிசின் முன்னால் உட்கார்ந்தாள். மாமா மைக்கை அவள் பக்கம் திருப்பி, “ஓடுது தாயி, பாடு. கடிக்காது” என்றார். அக்கா தொண்டையைச் செருமிவிட்டு மாதா பாட்டு ஒன்றைப் பாடினாள். பாட்டு முடிந்ததும் எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னாள். அம்மாவிடம் பேச வேண்டியதை மிசினிடம் பேசப்போவதாகச் சொன்னாள். “நீ இப்பக் கேக்கக் கூடாதும்மா. நான் போனப்புறம் கேளு.” மாமா வாசலில் நின்று பீடி பிடித்தார். கதவுக்குப் பின்னால் அக்காவின் குரல் செத்த நேரம் தணிந்து கேட்டது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் பெரியவர்கள் கோயிலுக்குப் போனார்கள். அக்கா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் முன்னறைக்குப் போய் நாடாவைப் பின்னால் சுற்றி ஓடவிட்டேன். பாட்டு வந்தது. பாட்டு முடிந்து “அம்மா” என்று அக்கா ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தையோடு நான் மிசினை நிறுத்தினேன். பிறகு சிவப்புக் கட்டையை அழுத்தினேன்.

“செம்பட்டி, செம்பட்டி, சித்தையன்கோட்டை! ஏறு ஏறு! உள்ள தள்ளிப் போய்யா! ரைட், ரைட்!” நாடா தீருகிறவரை கத்தினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பொறாமை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொறாமையாக இருந்தால் பாட்டை அல்லவா அழித்திருக்க வேண்டும்? பாட்டின் மேல் நான் கை வைக்கவில்லை. அவள் விடைபெறுகிற இடத்தில்தான் வைத்தேன். அவள் போவதில் எனக்கு அத்தனை கோபம் என்று அன்று எனக்கே தெரியாது.

மறுநாள் அக்கா ரயிலேறினாள். அடுத்த நாள் மாமா மிசினை அம்மாவிடமே விட்டுவிட்டுப் புறப்படத் தயாரானார். புறப்படுமுன் நாடாவைப் போட்டார். அம்மா மேசைக்கருகில் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். பாட்டு முடிந்தது. “அம்மா” என்றது அக்காவின் குரல். டக்கென்று ஒரு சத்தம். பிறகு, செம்பட்டி, செம்பட்டி.

அப்பா என் காதைத் திருகி வாசலுக்கு இழுத்துப் போனார். வலியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“நானா செய்யல. அக்காதான் அழிக்கச் சொன்னா. அதைக் கேட்டா நீங்க அழுவீங்களாம், வேணாமாம்.”

அப்பா காதை விட்டார். அவர் அதை நம்பியதோடு நில்லாமல், மகளின் வைராக்கியம் என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார். பந்தபாசத்தை அறுத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி அடுத்த ஞாயிறு சாமியார் பெயர் சொல்லாமல் பிரசங்கம் வைத்தார். கோயிலே உருகியது. செய்த தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமானால் அதே சாமியாரிடம்தான் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை.

அம்மா மட்டும் அன்று நாடா ஓடி முடிகிறவரை மிசின் பக்கத்திலேயே நின்றாள். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய் அடுப்பைக் கவனித்தாள்.

இரண்டு வருடத்துக்குள் அக்கா மஞ்சள் காமாலையில் இறந்தாள். தந்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவளுடைய கல்லறையை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அம்மா முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிசின் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த நாடாவை முதலிலிருந்து கடைசி வரை கேட்பாள். அவள் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கும்போதே நான் வெளியே போய்விடுவேன். படிக்கிற காலத்திலும், வேலைக்குப் போன பிறகும், கல்யாணமான பிறகும் அப்படித்தான். மாமா நாடாவைப் போட்ட அந்த நாளுக்குப் பிறகு என் கூச்சலை நான் ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை.

காலம் போயிற்று. அப்பாவும் மாமாவும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவுக்கு எண்பது நெருங்கியபோது மிசின் ஓடவில்லை. பழுது பார்க்க ஆளும் இல்லை. நாடாவில் புளித்த காடி வாடை அடித்தது. அப்போது கல்யாண வீடியோக்களை எல்லாம் சிடியில் போட்டுத் தருவது ஊரெங்கும் நடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பழைய நாடாவை ஓட்டும் கருவியும் இருந்தது. எடுத்துப் போனேன். என் பாவத்துக்கு இதுவே பரிகாரம் என்று நினைத்தேன். அக்காவின் பாட்டு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். என் கூச்சல் இருக்கக் கூடாது.

“அம்மாங்கிற வார்த்தையோட நிறுத்திருங்க. அதுக்கு மேல வேணாம்” என்றேன்.

ஸ்டுடியோக்காரர் காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் தூக்கினார். “சார், பஸ் சத்தத்துக்கு நடுவுல என்னமோ பேச்சு கேக்குது. செத்த கேட்டுப் பாக்குறீங்களா?”

“கேக்க வேணாம். வெட்டுங்க.”

“டேப்பு வேணுமா சார்? பிசுபிசுன்னு ஒட்டுது.”

“வேணாம். சிடி எத்தனை நாளைக்கு வரும்?”

“அது கெடக்கும் சார் நூறு வருசம். ஒங்க பேரன் பேத்தி கேக்கலாம்.”

வீட்டுக்கு வந்து, அக்காவின் ஒரே புகைப்படத்தை வட்ட ஸ்டிக்கரில் அச்சடித்துத் தகட்டின் மேல் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. அம்மா அதை முன்னறையில் இருந்த மாதா சுருவத்தின், அந்தச் சின்னச் சிலையின், காலடியில், படம் தெரியும்படி நிறுத்திவைத்தாள். மேற்குச் சன்னலின் வெயில் தினமும் அங்கே வந்து விழும்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில்தான் முதல்முறையாக நானும் அம்மாவோடு முன்னறையில் உட்கார்ந்தேன். பாட்டு தெளிவாக வந்தது. “அம்மா” என்று அக்கா கூப்பிட்டதோடு நின்றது. அம்மா காத்திருந்தாள்.

“அம்புட்டுத்தானா?”

“ஆமாம்மா.”

“பஸ் எங்கப்பா?”

எனக்குப் புரியவில்லை. அந்தக் கூச்சல் எதற்கு, வெட்டச் சொல்லிவிட்டேன் என்றேன். அம்மா மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அதுக்குள்ளதானப்பா அவ இருந்தா. அடுப்படியில இருந்து கூப்புடுவாளே. ‘ஏலே, அந்த மிசின்ல கை வைக்காதலே, மாமா வைவாரு. சோறு போட்டு வச்சிருக்கேன், ஆறிப்போகுது வா’ன்னு. நீ ‘வரமாட்டேன் போ’ன்னு கத்துவ. அவ சிரிப்பா.”

பாட்டில் அக்கா எல்லோருக்குமாகப் பாடினாள். அந்த நாடாவில் அவள் வீட்டுப் பெண்ணாக இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். அவள் குரலை அழித்தவன் என்று மட்டுமே இத்தனை காலம் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்துவைத்தவனும் நானே என்று தெரிந்த நேரத்தில், வெட்டி எறிந்தாயிற்று.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மிசினில் கை வைக்காதே என்று சத்தம் போடுகிறவள், அழி என்று எப்படிச் சொல்லியிருப்பாள்? அப்பா என் காதை விட்ட அந்த நாளிலேயே அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

“தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன்” என்றாள்.

ஸ்டுடியோவுக்கு ஓடினேன். குப்பையில் போட்ட நாடா என்றைக்கோ போயிருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் இடம் அடைக்கிறது என்று நீக்கிவிட்டார். “நீங்கதான சார் வேணாம்னீங்க” என்றார். நான்தான்.

அதன் பிறகு எங்களிடம் இருந்தது அந்தத் தகடு ஒன்றுதான். சில வருடம் நன்றாகப் பாடியது. ஒரு கல்லறைத் திருநாளில் கடைசி “அம்மா” வரவில்லை. டிக் டிக்கென்று ஏதோ தட்டியது. பிளேயர்தான் கெட்டுவிட்டது என்று வேறு வாங்கினேன். அடுத்த வருடம் பாட்டின் கடைசி அடிகள் போயின. மறுபடியும் பிளேயரைத்தான் மாற்றினேன், தகட்டைச் சந்தேகிக்கவில்லை. பிறகுதான் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்டிக்கரின் பசை காய்ந்து இழுத்த இடத்தில், அக்காவின் முகத்துக்கு நேர் பின்னால், வெள்ளிப் பூச்சில் ஊசிக்குத்துப் போல ஓட்டைகள். அடியில் இருந்த நீலமும் வெளிறியிருந்தது.

ஆலையில் அச்சடித்து வருகிற தகட்டில் பாட்டு பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். நாம் வீட்டிலும் கடையிலும் எழுதுகிற தகடு அப்படியல்ல. அதில் ஒரு சாயம் பூசியிருக்கும். ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டு எழுதுகிறது. ஒளியால் எழுதியது வெயிலில் கிடந்தால் வெளிறத்தான் செய்யும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வீட்டில் அதே தகட்டின் மேல் பசை தடவி, வெயிலில் நிறுத்தி, பக்கத்தில் மெழுகுவர்த்தியும் ஏற்ற விட்டேன். எவ்வளவோ முயன்றும் கடைசியில் மீட்க முடிந்தது, மாமாவின் “ஓடுது தாயி, பாடு”, அக்கா தொண்டையைச் செருமுவது, பாட்டின் முதல் அடி. அவ்வளவுதான்.

அம்மாவின் கடைசி வருடத்தில் ஒன்று செய்து பார்த்தேன். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, “அக்கா கூப்புட்டதை ஒரு தடவை அப்படியே சொல்லும்மா” என்றேன்.

“எனக்கு எப்படிப்பா அவ குரல் வரும்?”

“வராட்டிப் பரவாயில்ல. நான் கண்டக்டரு. நீ சொல்லு.”

எழுபதை எட்டிக்கொண்டிருந்த நான் கத்தினேன். செம்பட்டி, செம்பட்டி, சித்தையன்கோட்டை. பக்கத்து அறையிலிருந்து பேத்தி எட்டிப் பார்த்தாள். அம்மா பொக்கை வாயால் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு இளங்குரலை இழுத்து வந்து கூப்பிட்டாள்.

“ஏலே, அந்த மிசின்ல கை வைக்காதலே, மாமா வைவாரு. சோறு போட்டு வச்சிருக்கேன், ஆறிப்போகுது வா.”

வரமாட்டேன் போ என்று நான் சொல்ல வேண்டும்.

“வாரேன்க்கா” என்றேன்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “அதுல அப்படி இல்லையேப்பா” என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். அந்தப் பதிவு இப்போது பல இடங்களில் இருக்கிறது. எதையும் நம்பாமல் அவ்வப்போது புதிதாகப் பிரதி எடுத்துவைக்கிறேன். கல்லறைத் திருநாளில் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் கேட்கிறேன். என் கூச்சல், அம்மாவின் சிரிப்பு, அக்காவாக அவள் கூப்பிட்டது, நான் மாற்றிச் சொன்னது, அவள் என்னைத் திருத்தியது எல்லாம் அதில் இருக்கிறது. எதையும் வெட்டவில்லை.