போல அண்ணனின் மெழுகுவர்த்தி

சட்டைத் தொழிற்சாலையின் பேக்கிங் மேற்பார்வையாளரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர் ‘போல’ அண்ணன். ஓய்வு பெறுகிறவர்களை மைக்கில் வாழ்த்தும் பொறுப்பு, யாரும் கொடுக்காமலேயே, அவரிடம் இருந்தது. அவர் பேச்சில் வாட்ச்மேன் கலங்கரை விளக்கம் போல நின்றார். கேன்டீன்காரர் கடல் போல வாரி வழங்கினார். உண்மையில் இரண்டாம் கரண்டி கேட்டால் முறைக்கிறவர் அந்தக் கேன்டீன்காரர். இதை உயர்வு நவிற்சி அணி என்பார்கள். பொய் என்றும் சொல்லலாம், மேடையில் சொல்வதில்லை.

அதே தொழிற்சாலையின் தையல் பிரிவில் காலர் தைக்கும் போல அண்ணனின் மனைவியும் ஓய்வு பெறும் நாள் வந்தது. “என்னைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?” என்று முந்தின நாளே கேட்டாள். அவரிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே அலங்காரம் அதுதான்.

“பாரேன், கூரை பிச்சுக்கும்!”

மறுநாள் மைக்கைப் பிடித்தார். “மெழுகுவர்த்தி போலத் தன்னையே உருக்கி...” என்று இழுத்தார். தையல் பிரிவே ஒரே குரலில் முடித்தது: “நமக்கெல்லாம் ஒளி தந்தவர்!”

“போன மாசம் எலக்ட்ரீஷியனும் இப்படித்தானே அண்ணே உருகினாரு!” என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது. முதல் வரிசையில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

வேறு உவமை தேடினார். கடல் கேன்டீனுக்குப் போய்விட்டது. சரி, அவள் எப்படி வேலை செய்வாள் என்றாவது சொல்லலாமென்று பார்த்தார். தெரியவில்லை. இரு பிரிவுக்கும் நடுவே ஒரு கதவுதான். அவர் எட்டிப் பார்த்ததில்லை. “நன்றி, வணக்கம்” என்று இறங்கினார். 

வீடு திரும்பும் வழியில், “என்ன சொல்லியிருக்கணும்னு நீயே சொல்லேன்” என்றார்.

“என்னைக் கேட்டா என்னைப் புகழப் போறீங்க? வெக்கமா இல்ல?”

மறுநாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், கூடத்தில் கேலி செய்தவளிடமே கேட்டார்: “அவ இங்க எப்படிம்மா இருந்தா?”

அவள் மெஷினை நிறுத்தவில்லை. “கோணக் காலரைத் தூக்கிப் போட்டுட்டு, ‘எந்தப் புண்ணியவதி தச்சது?’ன்னு கதவுக்கு அந்தாண்ட நின்னு கத்துவீங்கல்ல? யார் தச்சதா இருந்தாலும் ‘நான்தான்’னு அக்கா குரல் கொடுப்பாங்க. அவங்களே பிரிச்சுத் தச்சும் தருவாங்க. பொண்டாட்டி குரல் கூடவா தெரியல? மெஷின் சத்தம் போலிருக்கு.”

திட்டுவதற்காகப் புகழ்வதை இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்பார்கள். ‘புண்ணியவதி’ என்று மனைவிக்கு அவர் கொடுத்த புகழ்ச்சி மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே போகாமல் அப்படியே நின்றார்.

“யாரு அங்க?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“நான்தான்” என்றார்.