ஸ்பானிஷ் வீடியோவுக்கு நாங்கள் கொடுத்த நிதி

எங்கள் பிளாக்செயின் குழுவில், எங்கள் கிரிப்டோ நாணயத்தைப் பற்றி ஸ்பானிஷில் வீடியோ போடுகிறவர்களுக்கு நிதி கொடுக்கிறோம். யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் மூவரில் நானும் ஒருவன். மூவருக்குமே ஸ்பானிஷ் தெரியாது. 'பாண்டிச்சேரிக்காரன், பள்ளியில் பிரெஞ்சு படித்தவன், சமாளித்துவிடுவான்' என்று என்னைச் சேர்த்தார்கள்.

இந்த முறை கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். மெஷின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு பெண், கிரிப்டோ பணம் இருக்கும் வாலட்டின் ரகசியச் சொற்களை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று பொறுமையாக விளக்குகிறார். இன்னொரு ஆள், வீட்டை விற்றாவது எங்கள் நாணயத்தை, அதாவது டோக்கனை, வாங்குங்கள் என்கிறார்.

மூவரில் இன்னொருவனான ஆன்டனியை முதலியார்பேட்டை டீக்கடையில் பிடித்தேன்.

"அந்த ஆளுக்குத்தான்டா வியூஸ் அதிகம். அந்தம்மாவ யாரு பாக்குறா?"

"வீட்ட விக்கச் சொல்றான்டா."

"உனக்கு ஸ்பானிஷ் தெரியுமா? மெஷின் தப்பா போட்டிருக்கும். டீயக் குடி, ஆறுது."

"அப்ப நீ எதப் பாத்து ஓட்டுப் போட்ட?"

"வீடியோ மேல போட்ட தம்ப்நெயில் படம் நல்லாருந்துச்சு."

மூன்றாமவரும் அவன் பக்கம். நிதி அந்த ஆளுக்கே போனது. வீடியோவின் கீழே இப்போது எங்கள் குழுவின் பெயர் இருக்கிறது. அதை நம்பி ஒருவர் கமென்டில், 'அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன், அடுத்த வாரம் வீட்டை விற்கிறோம்' என்று எழுதியிருக்கிறார்.

மொழிபெயர்ப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்படுகிறேன்.

ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 'தயவுசெய்து விற்காதீர்கள்' என்பதை எப்படி எழுதுவது? மெஷினிடம் கேட்டு எழுதினால் ஆன்டனி சிரிப்பான்.