புடலங்காயில் நான் கட்டிய கல்

இன்று ஒட்டுசுட்டான் பஸ்ஸில் பக்கத்து வீட்டு நாவலாசிரியை தன் புதுப் புத்தகத்தைத் தந்தார். டீசல் தட்டுப்பாட்டால் பஸ் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு போனது. ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் படித்த நான், பேத்தியின் உதவியில்லாமல் இரண்டு அதிகாரம் வாசித்துவிட்டேன்.

அவருக்குத் தோட்டம்தான் பொழுதுபோக்கு. புடலங்காய் வளையாமலிருக்க நுனியில் கல் கட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கதையிலும் ஒருத்தி கல் கட்டுகிறாள். ஆனால் அவளுக்கு முன்வீட்டுப் பரமேசின் சிரிப்பு, பரமேசின் பச்சைச் சேலை.

"பிள்ளை, பரமேசு எப்ப கல்லுக் கட்டினவள்?" என்று எழுதியவரிடமே கேட்டேன்.

"கட்டேல்லை அம்மா. அவா தோட்டத்துக் கதிரையில இருந்து கதைச்சுக்கொண்டே இருப்பா. நீங்கள் வேலையைக் காட்டிப்போட்டு ஓடிடுவியள். உங்கட முகத்தை நான் எங்க வடிவாப் பாத்தன்?"

நாளை முதல் அந்தக் கதிரையில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு நீலச் சேலை எடுப்பாயிருக்குமோ, சிவப்போ? சொல்லுங்கோ. பரமேசிடம் மட்டும் சொல்லாதேங்கோ.